கண்டியில ஷூட்டிங் எடுக்க யார்கிட்ட பர்மிஷன்? குடியாத்தம் தம்பி கேட்டதுக்கு கொஞ்சம் நீளமான பதில்

குடியாத்தத்துலருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. வேலூர் கோட்டைல கைதியா இருந்து இங்கயே செத்துப்போன கண்டி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனை வச்சி ஒன்றரை மணி நேரப் படம் எடுக்கறாங்களாம். மொத்தம் 9 பேர், கண்டில 6 நாள் ஷூட்டிங், ஒரு மிரர்லெஸ் கேமரா, கேமரா ஆடாம புடிக்கற ஒரு ஜிம்பல், ஒரு ட்ரோன். இந்திய கவர்மென்ட்கிட்ட ஏதாவது பர்மிஷன் வாங்கணுமா, இல்ல டூரிஸ்ட் விசால போய் கமுக்கமா எடுத்துகினு வந்துரலாமான்னு கேட்டிருக்காரு. பாக்கறதுக்கு ரெண்டு கேள்வி மாதிரி இருக்குது, ஆனா உள்ள இருக்கறது ஒண்ணுதான், "மாட்டாம வந்துர முடியுமா". அதுக்கும் சொல்றேன், ஆனா அது கடைசில கேக்க வேண்டிய கேள்வி.

நான் ராணிப்பேட்டைக்காரன், கோடம்பாக்கத்துல 20 வருஷத்துக்கு மேல புரொடக்‌ஷன் வேலை பாத்தவன். டீ, டிபன், பேட்டா கணக்குல ஆரம்பிச்சி அப்பால வெளிநாட்டு ஷெட்யூலுக்கு முன்னாடியே போய் எல்லாத்தையும் ரெடி பண்ற வேலைக்கு வந்தேன். வக்கீல் இல்ல. அதனால சட்டம்னு சொல்ற இடத்துல சட்டம்னு சொல்றேன், என் அனுபவம்னு சொல்றது என் அனுபவம் மட்டும்தான், அதை பேப்பர்ல எழுதி வாங்காம நம்பாதீங்க.

முதல்ல நம்ம பக்கம். வெளிநாட்டுல போய் சினிமா எடுக்கறேன்னு டெல்லிக்கோ சென்னைக்கோ எழுதி பர்மிஷன் வாங்கற வேலை இப்ப கிடையாது. நம்ம கவர்மென்ட் உங்களை பாக்கறது ரெண்டு மூணு வாசல்ல மட்டும்தான். ஒண்ணு பேங்க். அங்க இருக்கற கம்பெனிக்கு டாலர்ல பணம் அனுப்பறீங்கன்னா ஏ2 ஃபார்ம், இன்வாய்ஸ், அக்ரிமென்ட், ஆடிட்டர் சர்ட்டிஃபிகேட்டு எல்லாம் கேப்பாங்க, அதுல எதுக்காக அனுப்பறீங்கன்னு எழுதறதும் அக்ரிமென்ட்ல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும், "ஃப்ரெண்டுக்கு உதவி"ன்னு எழுதிட்டு அப்பால படச் செலவுல காட்டுனா ஆடிட்டர் உங்களைத்தான் திட்டுவாரு. கைல நோட்டா எடுத்துகினு போறதுன்னா ஆளுக்கு 3,000 டாலர் வரைக்கும்தான். ரெண்டாவது வாசல் ஏர்போர்ட் கஸ்டம்ஸ், அதுக்கு தனியா வர்றேன். மூணாவது சென்சார், அது படம் முடிஞ்சப்புறம். அவ்ளோதான்.

பர்மிஷன்னா அது இலங்கை பக்கம். அங்க வெளிநாட்டுக்காரங்க கதைப்படம் எடுக்கணும்னா தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்துக்கு போகணும், 1972லருந்து இருக்கற அரசாங்க நிறுவனம், கொழும்புல இருக்குது. நீங்க குடியாத்தத்துல உக்காந்துகினு நேரா மெயில் அனுப்பி வாங்கற விஷயம் இல்ல இது. அந்த ஊர்ல ஒரு கம்பெனிய லோக்கல் கோஆர்டினேட்டரா வச்சி அவங்க மூலமாதான் அப்ளிகேஷன் நகரும். கேக்கறது இன்னான்னா, ஸ்கிரிப்டு, கதைச் சுருக்கம், வர்ற ஆளுங்க லிஸ்ட் பாஸ்போர்ட் நம்பரோட, கொண்டு வர்ற சாமான் லிஸ்ட், எந்த லொக்கேஷன்ல எந்த தேதி, கோஆர்டினேட்டரோட போட்ட ஒப்பந்தம். இதை நல்லா மனசுல வச்சிக்கோங்க, அவங்க கேமராவுக்கு பர்மிஷன் குடுக்கல, இந்த லிஸ்டுக்கு குடுக்கறாங்க. லிஸ்ட்ல இல்லாத ஆளு, லிஸ்ட்ல இல்லாத இடம், லிஸ்ட்ல இல்லாத சீன், மூணுமே பர்மிஷன் இல்லாததுதான். "சார் பக்கத்து தெருதான் சார், வெளிச்சம் சூப்பரா இருக்குது"ன்னு டைரக்டர் கெளம்புவாரு பாருங்க, அங்கதான் ஷூட்டிங் நிக்கும்.

இப்ப டூரிஸ்ட் விசா. இலங்கைக்கு ஆன்லைன்ல எடுக்கற இடிஏ சுத்திப் பாக்கறதுக்கு குடுக்கறது, சம்பளம் வாங்குனாலும் வாங்கலன்னாலும் வேலை செய்யக்கூடாது. ஒரு ஆளு மிரர்லெஸ் கேமரால கண்டி ஏரிய எடுத்தா எவனும் கேக்கமாட்டான், தினமும் ஆயிரம் பேரு எடுக்கறான். ஆனா ராஜா வேஷத்துல ஒருத்தர், ரிஃப்ளெக்டர் புடிச்சிகினு ஒருத்தர், பூம் மைக் தூக்கினு ஒருத்தர் நின்னா அது டூரிஸ்ட் இல்லன்னு ஆட்டோக்காரருக்கே தெரியும். மாட்டுனா வர்றது வெறும் ஃபைன் மட்டும் இல்ல, விசா கேன்சல் ஆகி 9 பேரையும் திருப்பி அனுப்பலாம், மெமரி கார்டு அவங்க கைக்கு போகலாம், அடுத்த தடவை ஒழுங்கா அப்ளை பண்ணும்போதும் அந்த ரெக்கார்டு அங்க இருக்கும். மாட்டாம வந்தவங்க இருக்காங்களான்னா இருக்காங்க, நானே பாத்திருக்கேன். அவங்கள்லாம் ரெண்டு பேரா போய் ரோட்டுல பாட்டுக்கு நாலு ஷாட் எடுத்தவங்க. நீங்க எடுக்கப்போறது அந்த ஊரு ராஜாவோட கதை, அந்த ராஜாவோட அரண்மனை வாசல்லயே.

அந்த வாசலை பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நீங்க "கண்டி பேலஸ், 2 நாள்"னு ஒரே வரில எழுதிருக்கீங்க. அங்க போய் பாத்தா ஒரே வளாகம் மாதிரிதான் தெரியும், ஆனா உள்ள ஆளாளுக்கு ஒரு வீடு. தலதா மாளிகை, அதாவது புத்தரோட பல் இருக்கற கோயில், அதுக்கு பொறுப்பு தியவதன நிலமேன்னு ஒருத்தர், நம்மூர்ல தக்கார்னு சொல்றமே அந்த மாதிரி நெனச்சிக்கோங்க, ஆனா அதைவிட பல மடங்கு மரியாதையான பதவி. உங்க ராஜா கட்டுன எட்டுப்பட்டை மண்டபம் பத்திரிப்புவ, அதுவும் கோயிலோட சேந்தது. பழைய அரண்மனை கட்டடம் தொல்லியல் திணைக்களத்து மியூசியம். அதுக்கு பின்னாடி ராணிங்க இருந்த கட்டடம் தேசிய மியூசியம், அது வேற திணைக்களம். 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டி ஒப்பந்தத்துல கையெழுத்து போட்ட மகுல் மடுவ, மரத்தூண் மண்டபம், அது ஒரு பக்கம். வெளிய ஏரிக்கரை ரோடு, அதுக்கு மாநகர சபையும் போலீசும். கூட்டுத்தாபனத்து பேப்பர் உங்களுக்கு நாட்டுக்குள்ள படம் எடுக்க கதவு தொறக்குது, ஒவ்வொரு வீட்டுக்கும் சாவி தனித்தனியாதான் வாங்கணும். போதாக்குறைக்கு ஊரே 1988லருந்து யுனெஸ்கோ பாரம்பரிய சின்னம், 1998 ஜனவரில அந்த கோயில் வாசல்ல குண்டு வெடிச்சதுலருந்து செக்யூரிட்டி ரொம்ப டைட்டு. ட்ரைபாட் பைய மூணு தடவை தொறந்து பாப்பாங்க. தமிழ் பேசற யூனிட்னு கொஞ்சம் கூடுதலா பாக்கறாங்கன்னு தோணும், கோவப்படாதீங்க, சிரிச்சிகினே தொறந்து காட்டுங்க. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நடிகர நிக்க வச்சி ஃப்ரேம் வைக்காதீங்க, கைல புத்தர் டாட்டூ இருக்கற அசிஸ்டன்ட்ட கூட்டிகினு போகாதீங்க, 2014ல டாட்டூக்காகவே ஒரு டூரிஸ்ட்ட நாடு கடத்துனாங்க.

இப்ப ஸ்கிரிப்டு, என்னை கேட்டா உங்க பர்மிஷன் நிக்கறதும் விழறதும் இதுலதான். நமக்கு அவரு பாலாத்தங்கரைல முத்து மண்டபத்துல இருக்கற பாவப்பட்ட ராஜா. 1815ல புடிச்சாங்க, 1816ல கப்பல் ஏத்தி இங்க கொண்டாந்தாங்க, 1832 ஜனவரி 30 செத்தாரு, குடும்பத்தோட கோட்டைக்குள்ளயே வாழ்க்கை முடிஞ்சிது. அங்க போனா கதையே வேற. எஹெலபொலன்னு ஒரு மந்திரி, அவரு கலகம் பண்ணாருன்னு அவரு பொண்டாட்டி புள்ளைங்களை 1814ல ராஜா கொன்ன கதை அங்க சின்னப் பசங்களுக்கெல்லாம் தெரியும், பயப்படாம முன்னாடி வந்து தலைய குடுத்ததா சொல்ற அந்த சின்னப் பையன் மத்துமபண்டார அவங்களுக்கு ஒரு வீரன். நீங்க அந்த சீனையே தூக்கிட்டு ராஜா நல்லவரு, சுத்தி இருந்தவங்க துரோகின்னு எழுதுனா, படிக்கற அதிகாரி உங்க படத்தை பாக்கமாட்டாரு, ஒரு இந்தியத் தமிழ் டீம் வந்து நம்ம சரித்திரத்தை திருப்புதுன்னு பாப்பாரு. அதுக்காக பொய் ஸ்கிரிப்டு குடுங்கன்னு சொல்லல, அது மாட்டுனா இன்னும் மோசம். சுருக்கத்தை நேர்மையா எழுதுங்க, அந்த சீன் படத்துல எப்டி வருதுன்னு நாலு வரி சேத்து எழுதுங்க, அங்க சரித்திரம் சொல்லிக்குடுக்கற ஒருத்தரை படிக்க வச்சி அவரு சொல்றதை கேளுங்க.

கவர்மென்ட்டு ஸ்கிரிப்ட்ட எவ்ளோ சீரியஸா எடுக்கும்ன்றதுக்கு கண்டிலயே உதாரணம் இருக்குது. 1984ல வந்த இண்டியானா ஜோன்ஸ் படம், டெம்பிள் ஆஃப் டூம், இந்தியால நடக்கற கதை. ஸ்கிரிப்ட்ட படிச்சி நம்ம கவர்மென்ட் அத மாத்து இத மாத்துன்னு சொல்ல, அவங்க மூட்டைய கட்டிகினு கண்டிக்கு போய் எடுத்தாங்க. இன்னொண்ணு, சல்மான் ருஷ்டி நாவல வச்சி எடுத்த மிட்நைட்ஸ் சில்ட்ரன், இலங்கைல பர்மிஷனோட 2011ல ஷூட்டிங் நடந்துகினு இருக்கும்போது ஈரான் ஆட்சேபம் சொன்னதால பாதில நிறுத்துனாங்க, அப்பால ஜனாதிபதி வரைக்கும் போய்தான் மறுபடி ஆரம்பிச்சது. கைல பேப்பர் இருந்தாலும் நடுவுல நிக்கலாம். அதனால கண்டி கோயில் பக்கம் வர்ற சீனை முதல் ரெண்டு நாள்ல முடிங்க, கடைசி நாளுக்கு வைக்காதீங்க.

ட்ரோன ஊர்லயே வச்சிட்டு போங்க. சிவில் ஏவியேஷன் அனுமதி, டிஃபென்ஸ் கிளியரன்ஸ் ரெண்டும் வேணும், 6 நாள் ஷூட்டிங்குக்கு அவ்ளோ ஓட்டம் தேவையில்ல. கண்டிப்பா வேணும்னா கோஆர்டினேட்டர் மூலமா அங்கயே லைசன்ஸ் இருக்கற ஆளை ரெண்டு மணி நேரம் எடுத்துக்கோங்க.

கஸ்டம்ஸ்ல நான் பட்ட கதைய சொல்றேன், ஏன்னா இத யாரும் சொல்லமாட்டாங்க. பெரிய சாமான் எடுத்துகினு போனா ஏடிஏ கார்னெட்னு ஒண்ணு எடுக்கணும், சாமானுக்கு பாஸ்போர்ட் மாதிரி. இந்தியால ஃபிக்கின்ற தொழில் வர்த்தக சங்கம் குடுக்குது, சென்னைலயே ஆபீஸ் இருக்குது, ஒரு வருஷம் செல்லும், இலங்கையும் இதுல இருக்குது. உள்ள கலர் கலரா தாள் இருக்கும், மஞ்சள் நம்ம நாட்டை விட்டு போறதுக்கும் திரும்பி வர்றதுக்கும், வெள்ளை அந்த நாட்டுக்குள்ள நுழையறதுக்கும் வெளிய வர்றதுக்கும். ஒரு நாட்டுல ஷெட்யூல் முடிச்சிட்டு விடிகாலை 4 மணி ஃப்ளைட், யூனிட்ல எல்லாரும் செத்த தூக்கத்துல, கஸ்டம்ஸ் கவுன்ட்டர்ல ஆள் இல்ல, நான்தான் பெரிய மனுஷன் மாதிரி "சரி வா, போர்டிங் போலாம்"னு சொல்லிட்டேன். வெளிய வர்ற வெள்ளைத் தாள்ல சீல் விழல. ஏழெட்டு மாசம் கழிச்சி லெட்டர் வருது, சாமான் எங்க நாட்ட விட்டு போகவே இல்ல, டியூட்டி கட்டுங்கன்னு. சென்னைல இறங்குனப்ப மஞ்சள் தாள்ல ஒழுங்கா சீல் வாங்கிருந்தோம், அதை காட்டி தப்பிச்சோம், இல்லன்னா புரொடியூசர் என்னை பாலாத்துல பொதைச்சிருப்பாரு. இன்னொரு தடவை ஒரு லென்ஸ் சீரியல் நம்பர்ல 7ன்றது லிஸ்ட்ல 1ன்னு டைப் ஆயிருந்துச்சி. அந்த ஆபீசர் ஒவ்வொரு லென்ஸா பெட்டிலருந்து எடுத்து, கண்ணாடிய நெத்திக்கு ஏத்திகினு, எங்க ஃபோக்கஸ் புல்லர் டார்ச் அடிக்க நம்பர் படிச்சாரு, மூணு மணி நேரம். லிஸ்ட்ட வாட்ஸப்ல வந்த மெசேஜ பாத்து அடிக்காதீங்க, சாமானை மடில வச்சிகினு அடிங்க.

உங்களுக்கு கார்னெட் தேவைப்படாது, ஒரு கேமரா ரெண்டு லென்ஸ்னா போகும்போது சென்னை ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்ல காட்டி எக்ஸ்போர்ட் சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கோங்க, திரும்பும்போது இது வெளிநாட்டுல வாங்குனதான்னு கேட்டா அதை நீட்டலாம். அங்க உள்ள போகும்போது டிக்ளேர் பண்றதை கோஆர்டினேட்டர் பாத்துக்கணும். ஸ்பேர் பேட்டரி எல்லாம் கைப்பைல மட்டும், 100 வாட் ஹவருக்கு மேல போனா ஏர்லைன்ஸ்கிட்ட முன்னாடியே கேக்கணும்.

ஆளுங்க லிஸ்ட்ல ஒரு விஷயம். நம்மாளுங்களுக்கு யூனியன் கார்டுல ஒரு பேரு, டைட்டில் கார்டுல ஒரு பேரு, பாஸ்போர்ட்ல இனிஷியல விரிச்சி ஒரு பேரு. அப்ளிகேஷன்ல, டிக்கெட்ல, ஹோட்டல்ல எல்லாத்துலயும் பாஸ்போர்ட்ல இருக்கறது மட்டும்தான். இலங்கை சரிவரலன்னா மலேசியாவோ தாய்லாந்தோ போலாமான்னு கடைசில ஒரு வரி கேட்டிருக்கீங்க, அங்க வேற தலைவலி இருக்குது. பத்தாவது முடிக்காத பசங்க பாஸ்போர்ட் ஈசிஆரா இருக்கும், அதாவது சில நாட்டுக்கு வேலைக்கு போனா நம்ம கவர்மென்ட் கிளியரன்ஸ் வேணும்ன்ற பாஸ்போர்ட், மலேசியா, தாய்லாந்து, அரபு எமிரேட்ஸ் மூணும் அந்த 18 நாட்டு லிஸ்ட்ல வருது, வேலைக்கு போறியான்னு நம்மூரு இமிக்ரேஷன்லயே லைட்மேன தனியா நிக்க வச்சி கேப்பாங்க. இலங்கை அந்த லிஸ்ட்ல இல்ல. மலேசியான்னா ஃபினாஸ்னு அவங்க அரசு சினிமா நிறுவனம், புஸ்பால்னு வெளிநாட்டு யூனிட்டுக்கு அனுமதி குடுக்கற கமிட்டி, ரெண்டு இடம், லோக்கல் கம்பெனி ஸ்பான்சர் பண்ணணும். தாய்லாந்துலயும் அவங்க ஃபிலிம் ஆபீஸ்ல பதிவு பண்ண கோஆர்டினேட்டர் இல்லாம நடக்காது. சிங்கப்பூர்ல லொக்கேஷன் ஷூட்டிங்குக்கு வர்ற யூனிட்டுக்கு ஒர்க் பாஸ் வேணாம், ஆனா ஆன்லைன்ல தெரிவிச்சிட்டுதான் வேலை ஆரம்பிக்கணும். நாட்டுக்கு நாடு இப்டி மாறும், ஒரு நாட்டுல நடந்தது இன்னொரு நாட்டுல நடக்கும்னு கணக்கு போடாதீங்க. அதுவும் இல்லாம கண்டி ராஜாவுக்கு பாங்காக்ல என்ன வேலை.

இதுவரைக்கும் சொன்னதுல கூட்டுத்தாபனம், கோஆர்டினேட்டர், தொல்லியல், கோயில் அனுமதி, ட்ரோன், விசா நோக்கம், இதெல்லாம் உறுதி. எத்தனை நாள்ல கிடைக்கும், எவ்ளோ ஃபீஸ், கூட ஒரு அதிகாரி வந்து நிப்பாரா, அவருக்கு சாப்பாடு ரூம் யாரு குடுக்கறது, இது அப்பப்ப மாறும், எந்த கோஆர்டினேட்டர் வாய்ல சொன்னாலும் அது பேச்சுதான். ரெண்டு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்குங்க, போன படத்துக்கு வாங்குன அனுமதிக் கடிதத்தை காட்டச் சொல்லுங்க, பணத்த கம்பெனி அக்கவுன்ட்டுக்கு மட்டும் போடுங்க, அனுமதி வந்தப்புறம் ரெண்டாவது தவணைன்னு எழுதிக்கோங்க. நான் ரெண்டு மாசம் கைல வச்சிகினுதான் டிக்கெட் போடுவேன். "சார் எல்லாம் நம்ம ஆளுங்கதான், நீங்க வாங்க பாத்துக்கலாம்"னு சொல்றவரா இருந்தா அப்டியே போனை வச்சிருங்க.

அதைவிட முக்கியமா, அந்த 6 நாளை 3 நாளாக்க முடியுமான்னு பாருங்க. நீங்க அனுப்புன சீன் லிஸ்ட்ல 14 சீன் கண்டின்னு இருக்குது, அதுல 8 ராத்திரி, ரூமுக்குள்ள, ரெண்டு பேர் பேசறது. ரூமுக்குள்ள பேசறதுக்கு எதுக்கு கடல் தாண்டணும், ஆர்ட் டைரக்டர் குடியாத்தத்துல ஒரு பழைய மரத்தூண் வீட்ட புடிச்சாருன்னா முடிஞ்சிது. காட்டுல ஓடி ஒளியறது ஏலகிரி, ஜவ்வாது மலைல எடுக்கலாம், வனத்துறைகிட்ட எழுதிக்குடுங்க. கண்டில எடுத்தே ஆகணும்னா ஏரி, எட்டுப்பட்டை மண்டபம், மகுல் மடுவ, ஊரை சுத்தி இருக்கற மலை, அவ்ளோதான். லிஸ்ட் சின்னதானா ஸ்கிரிப்டு படிக்கற அதிகாரிக்கும் கேள்வி குறையும். வேலூர் பக்கம் சும்மா எடுத்துரலாம்னு நெனச்சிராதீங்க, கோட்டை மத்திய தொல்லியல் துறைக்கு கீழ இருக்குது, உள்ள ராஜா குடும்பம் இருந்த கண்டி மகால் வாசல்ல ட்ரைபாட் வைக்கணும்னா அங்கயும் லைசன்ஸ் வாங்கணும். சொந்த ஊருன்னு செக்யூரிட்டி அண்ணன் ரெண்டு நாள் விடுவாரு, மூணாவது நாள் விடமாட்டாரு.

இன்னொண்ணு, உங்க கேமராமேன் பாஸ்போர்ட் இன்னும் நாலு மாசத்துல முடியுதுன்னு நீங்களே எழுதிருக்கீங்க. இலங்கைக்கு உள்ள போற தேதிலருந்து ஆறு மாசம் பாக்கி இருக்கணும், ஆளுங்க லிஸ்ட்ல பழைய நம்பர போட்டுட்டு நடுவுல புது பாஸ்போர்ட் வந்தா மொத்த அப்ளிகேஷனும் திருத்தணும். வேலூர் ஹெட் போஸ்ட் ஆபீஸ் பாஸ்போர்ட் சென்டர்ல இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் போடச் சொல்லுங்க, கோஆர்டினேட்டருக்கு போன் பண்றது அப்பால.